பல்லுக்குப் பின்னால் ஒரு கம்பி

(பழைய மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மதியச் சாப்பாட்டுக்கு முந்தின பேச்சு என்னுடையது. சாம்பார் வாசனை இங்கே வரைக்கும் வருகிறது. ஆகையால் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். (கைதட்டல்.) இன்னும் ஆரம்பிக்கவே இல்லை, அதற்குள் கைதட்டுகிறீர்கள்!

நான் 1983ல் இந்தக் கல்லூரியில் சேர்ந்தவன். எங்கள் செட்டுக்கு ஆர்த்தோ என்றால் முதலில் நினைவுக்கு வருவது கம்பி வளைப்புதான். கோணல்மாணலான கம்பியை விரலாலேயே நீவி நேராக்க வேண்டும். பிறகு முக்கோணம், வட்டம், சதுரம். அப்புறம் ஆடம்ஸ் கிளாஸ்ப். 0.7 மில்லிமீட்டர் கம்பியில் கிளாஸ்ப் வளைத்து, கட்டைவிரலில் ரத்தம் கட்டி, பயந்துகொண்டே மேஜையில் கொண்டுபோய் வைப்போம். சார் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பார். ஒன்றும் சொல்லாமல் குப்பைக்கூடையில் போடுவார். அந்தக் கூடையில் என் கிளாஸ்ப் மட்டும் ஒரு டஜன் இருக்கும்.

அப்போது அவர் அடிக்கடி ஒன்று சொல்வார்: கம்பியை வளைக்கிறதுக்கு முன்னாடி அது பல்லை எங்கே தள்ளப்போகுதுன்னு யோசி. பரீட்சைக்காக அதை மனப்பாடம் செய்தோம். அதன் அர்த்தம் எனக்குப் புரிந்தது 1998ல். ஒரு நாதஸ்வரக் கலைஞரின் வாயில். அந்தக் கதையைச் சொல்லத்தான் இன்றைக்கு இந்த மைக்கைப் பிடித்திருக்கிறேன்.

முதலில் விஷயம். பல்லுக்கு க்ளிப் போடுவது என்றால் முன்பக்கம், உதட்டை ஒட்டித்தான் போடுவார்கள் என்று ஊருக்கே தெரியும். அதே க்ளிப்பைப் பல்லின் உட்பக்கம், நாக்கை ஒட்டிப் போடுவதுதான் லிங்குவல் முறை. வெளியே ஒன்றும் தெரியாது. ஜப்பானில் கானகாவா பல் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த கின்யா ஃபுஜிட்டா இதை ஆரம்பித்தபோது அவர் மனசில் இருந்தது அழகு அல்ல. தற்காப்புக் கலை பயில்கிறவர்களுக்கு முகத்தில் அடிபட்டால், வெளிப்பக்கம் இருக்கும் பிராக்கெட் உதட்டைக் கிழித்துவிடும். அதைத் தவிர்க்கத்தான் உள்ளே போனார். 1979ல் அவர் கட்டுரை வந்தது. அமெரிக்காவில் கிரேவன் குர்ஸ் அதே 1970களில் வேறு காரணத்துக்காக இதே வேலையில் இறங்கினார். அவரிடம் வந்த வயதுவந்த நோயாளிகளுக்கு க்ளிப் வெளியே தெரியக்கூடாது. ஆர்ம்கோ நிறுவனத்தோடு சேர்ந்து அவர் உருவாக்கிய பிராக்கெட், 1990க்குள் ஏழு தலைமுறை மாறிவிட்டது.

ஃபுஜிட்டாவின் கம்பிக்குக் காளான் கம்பி என்று பெயர். ஏன் காளான்? உங்கள் நாக்கின் நுனியாலேயே தடவிப் பாருங்கள். முன் ஆறு பல்லும் உட்பக்கம் மெலிசு. கோரைப்பல் தாண்டி முன்கடைவாய்ப்பல் வந்ததும் திடீரென்று ஒரு படி உள்ளே வரும், ஏனென்றால் அந்தப் பல் தடிமன். ஆகவே கம்பி கோரைப்பல்லுக்கும் முன்கடைவாய்ப்பல்லுக்கும் நடுவில் ஒரு மடிப்பு மடிந்துதான் போக வேண்டும். மேலேயிருந்து பார்த்தால் குடை விரித்த காளான் மாதிரி இருக்கும்.

சரி, வெளியே இருக்கும் கம்பியை உள்ளே கொண்டுபோனால் என்ன ஆகும்? 1997ல் என்னைக் கேட்டிருந்தால், "ஒண்ணும் ஆகாது, கண்ணாடி வச்சு வேலை செய்யணும், முதுகு வலிக்கும், அவ்வளவுதான்" என்று சொல்லியிருப்பேன். அதுதான் தப்பு.

அந்த வருஷம் மார்ச் மாதம், கும்பகோணத்தில் என் கிளினிக்குக்கு ஒரு பையன் வந்தான். வயது 23. கூட அவன் அப்பா. பரம்பரையாக நாதஸ்வரம் வாசிக்கிற குடும்பம். பையனுக்கு மேல் முன்பற்கள் நன்றாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. உதடு மூடவில்லை. நாதஸ்வரத்தின் சீவாளியை உதட்டுக்கு நடுவில் பிடிக்க வேண்டும். உதட்டின் அழுத்தத்தில்தான் சுருதி நிற்கும். இவனுக்கு ஓரத்தில் காற்று கசிந்தது. வெளிப்பக்கம் க்ளிப் போட்டால் உதட்டுக்கும் சீவாளிக்கும் நடுவில் முள்வேலி போட்ட கதைதான். ஃபுஜிட்டாவின் கராத்தே வீரருக்கு இருந்த அதே பிரச்சனை! எனக்கு ஒரே சந்தோஷம். "லிங்குவல் போட்டுடலாம் தம்பி" என்றேன். நாக்கைத் தட்டி வாசிக்கும் துத்துக்காரம் கொஞ்ச நாள் தடுமாறும், பேச்சில் 'ச', 'த' எல்லாம் குழறும், பிறகு பழகிவிடும் என்று விளக்கினேன். ஒன்றேகால் வருஷத்தில் முடித்துவிடலாம் என்றும் சொன்னேன். அந்த வாக்கியத்தை மட்டும் நான் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

மேலே இரண்டு முன்கடைவாய்ப்பற்களை எடுத்தோம். பிராக்கெட் ஒட்டினோம். முதல் பாடம் அங்கேயே ஆரம்பித்தது. வெளிப்பக்கம் நான் வழக்கமாகப் போடும் 0.016 அங்குல எஃகுக் கம்பியை இரண்டாவது கட்டத்தில் போட்டேன். இரண்டு நாளில் பையன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டான். "டாக்டர், ராத்திரி தூக்கமே இல்ல."

மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. ஒரு மரச்சட்டத்தை மேஜை விளிம்பில் வைத்து நீட்டிக்கொண்டிருக்கும் நுனியை அமுக்கிப் பாருங்கள். நீளமாக நீட்டினால் லேசாக வளையும். குட்டையாக நீட்டினால் விறைத்துக்கொள்ளும். விறைப்பு, நீளத்தின் மும்மடிப் பெருக்கத்துக்கு எதிர்விகிதத்தில் போகும். வாயின் வளைவில் வெளிவட்டம் பெரிசு, உள்வட்டம் சின்னது. ஆகவே உட்பக்கத்தில் பிராக்கெட்டுக்கும் பிராக்கெட்டுக்கும் இடைவெளி குறைவு. கணக்குக்காக வெளியே 8 மில்லிமீட்டர், உள்ளே 5 என்று வைத்துக்கொள்வோம். எட்டை ஐந்தால் வகுத்தால் 1.6. அதை மூன்று முறை பெருக்கினால் 4.1. அதே கம்பி, அதே கடை, அதே டப்பா. வாய்க்குள் போனதும் நான்கு மடங்கு முரடாகிவிட்டது.

பரிகாரம் இரண்டு. ஒன்று, மெலிந்த கம்பி. உருண்டைக் கம்பியின் விறைப்பு விட்டத்தின் நான்மடிப் பெருக்கத்தில் போகும். 0.016க்குப் பதில் 0.012 போட்டால் விறைப்பு மூன்றில் ஒரு பங்குக்கு வந்துவிடும். இன்னொன்று, உலோகத்தை மாற்றுவது. சார்லஸ் பர்ஸ்டோனும் ஜான் கோல்ட்பர்கும் 1980ல் எழுதிய பீட்டா டைட்டானியம், அதாவது நாம் டிஎம்ஏ என்று சொல்வது, எஃகின் விறைப்பில் பாதிக்கும் குறைவு. நிக்கல் டைட்டானியம் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. உட்பக்கச் சிகிச்சையின் ஆரம்பத்தில் எஃகுக்கு வேலையே இல்லை. நான் கம்பியை மாற்றினேன், வலி போயிற்று. "பாடம் முடிந்தது" என்று நினைத்துக்கொண்டேன். அது முதல் அத்தியாயம்தான்.

பற்கள் வரிசைக்கு வந்த பிறகு, அக்டோபரில் முன்பற்களை உள்ளே இழுக்கும் வேலையை ஆரம்பித்தேன். பையன் ஒரு கேள்வி கேட்டான். "தை மாசம் முகூர்த்தம் நெறைய ஒத்துக்கிட்டிருக்கோம் டாக்டர். அதுக்குள்ள கொஞ்சம் முடிச்சிட முடியுமா?"

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். நான் எலாஸ்டிக் செயினை ஒரு கண்ணி குறைத்துப் போட்டேன். எவ்வளவு விசை என்று அளக்கவில்லை. டான்ட்ரிக்ஸ் கேஜ் மேஜை இழுப்பறையிலேயே தூங்கியது. 250 கிராமுக்குக் குறைந்திருக்காது என்பது இப்போதைய என் ஊகம்.

மூன்று மாதத்தில் இடைவெளி பாதிக்கு மேல் மூடிவிட்டது. பார்க்கிறவர்களிடம் எல்லாம் பெருமை பேசினேன். லிங்குவலில் பல் எவ்வளவு வேகமாக நகர்கிறது பாருங்கள் என்று.

மார்கழி கடைசியில் பையன் வந்தான். இந்தத் தடவை துணி சுற்றிய வாத்தியத்தோடு வந்தான். கோயிலில் அதிகாலை வாசித்துவிட்டு நேரே வந்திருக்கிறான். சீவாளியை எடுத்து வாயில் வைத்துக் காட்டினான். "டாக்டர், சீவாளி நிக்க மாட்டேங்குது. மேலுதட்டுக்குப் பின்னால பிடிமானமே இல்ல. நேத்து ஆலாபனையில ரெண்டு தடவை சுருதி வழுக்கிடுச்சு. அப்பா ஒண்ணும் சொல்லல. தவில்காரர் திரும்பிப் பார்த்தார்."

வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். முன்பற்கள் உள்ளே வந்திருக்கவில்லை, உள்ளே சாய்ந்திருந்தன. நுனிகள் உள்ளே, வேர்கள் பழைய இடத்திலேயே. இரண்டு பக்கப்பற்களில் கம்பி பிராக்கெட் பள்ளத்தை விட்டுப் பாதி வெளியே வந்திருந்தது. மிச்சமிருந்த முன்கடைவாய்ப்பற்கள் கன்னத்துப் பக்கம் புடைத்திருந்தன. கடைவாய்ப்பற்கள் திரும்பியிருந்தன. நான் கொண்டாடிய வேகம், பல் நகர்ந்த வேகம் அல்ல. பல் கவிழ்ந்த வேகம்.

அன்று ராத்திரி பிளாஸ்டர் மாடலையும் எக்ஸ்ரேயையும் எதிரே வைத்துக்கொண்டு, மாணவன் மாதிரி பென்சிலால் கோடு போட்டேன். அப்போதுதான் சாரின் வார்த்தை காதில் விழுந்தது.

பீரோவைத் தள்ளுகிறோம். உச்சியில் கை வைத்துத் தள்ளினால் கவிழும். நடுவயிற்றில் கை வைத்துத் தள்ளினால் நகரும். பல்லுக்கும் அப்படி ஒரு நடுவயிறு உண்டு. எதிர்ப்பு மையம் என்று படிக்கிறோம். அது வேரில், எலும்புக்குள் இருக்கிறது. அங்கே யாரும் கை வைக்க முடியாது. பிராக்கெட் இருப்பது கிரீடத்தில். ஆகவே இழுத்தால் பல் சாயத்தான் பார்க்கும்; இது வெளிப்பக்கமானாலும் உட்பக்கமானாலும் பொது. பல்லைச் சாய்க்க 35 முதல் 60 கிராம் போதும், முழுப் பல்லையும் அப்படியே நகர்த்த 70 முதல் 120 கிராம் என்று பிராஃபிட் பாடநூலில் நாமெல்லாம் படித்ததுதான்.

வித்தியாசம் செங்குத்து விசையில் இருக்கிறது. குர்ஸ் பிராக்கெட்டில் மேல் முன்பற்களுக்குக் கடிக்கும் மேடை ஒன்று உண்டு. கீழ்ப்பற்கள் அதில் வந்து முட்டும்போதெல்லாம் மேல் முன்பற்களை எலும்புக்குள் அமுக்குகிற விசை உண்டாகும். வெளிப்பக்கத்திலிருந்து அமுக்கினால் அந்த விசையின் கோடு எதிர்ப்பு மையத்துக்கு முன்னால் போகும். அது பல் நுனியை வெளியே திருப்பப் பார்க்கும். உள்ளே இழுப்பதால் வரும் சாய்வை அது ஓரளவு ஈடுகட்டும். வெளிப்பக்கம் வேலை செய்கிற எங்களைப் பல தடவை காப்பாற்றியது இந்தத் தற்செயல்தான், எங்கள் திறமை அல்ல.

உட்பக்கத்தில் அந்தக் கோடு பின்னுக்கு வந்துவிடுகிறது. பல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வரைக்கும் அது மையத்துக்கு அருகிலோ சற்று முன்னாலோ போகும், பெரிய கெடுதல் இல்லை. பல் நிமிர நிமிர, கோடு மையத்துக்குப் பின்னால் போய்விடும். அந்த நிமிஷத்திலிருந்து அமுக்குகிற விசையும் நுனியை உள்ளே திருப்பும், இழுக்கிற விசையும் உள்ளே திருப்பும். அதுவரை எதிரெதிராக இருந்த இரண்டு பேரும் ஒரே கட்சியில் சேர்ந்துவிட்டார்கள். அக்டோபரில் சரியாக இருந்த அதே ஏற்பாடு டிசம்பரில் தப்பானது இதனால்தான். நான் எதையும் மாற்றவில்லை. பல்லின் சாய்வு மாறியது, அதோடு கணக்கும் மாறியது.

கம்பி பள்ளத்தை விட்டு வெளியே வந்ததற்கும் காரணம் உண்டு. வெளிப்பக்கம் இழுக்கும்போது கம்பி பள்ளத்துக்குள் அழுந்தும். உட்பக்கம் பள்ளத்தின் வாய் நாக்கை நோக்கித் திறந்திருக்கிறது. நாம் இழுப்பதும் அதே திசை. கம்பி வாசல் வழியாக வெளியே நடந்துவிடும். அதற்காகத்தான் இரட்டைச் சுற்றுக் கட்டு என்று ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார்கள். நான் சோம்பேறித்தனமாக ஒற்றைக் கட்டுப் போட்டிருந்தேன். கம்பி உட்காராத பள்ளத்தில் டார்க் ஏது?

கடைவாய்ப்பல் கதையும் அதுதான். உள்முகத்தில் பிடித்து முன்னால் இழுத்தால், பல்லின் முன்மூலை கன்னத்துப் பக்கம் திரும்பும். கம்பி வில் மாதிரி வெளியே புடைக்கும். அதைத் தடுக்கக் கம்பியில் எதிர்வளைவு கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை.

மறுநாள் அப்பாவையும் பையனையும் வரச் சொன்னேன். "தப்பு என்னுதுதான்யா. அவசரப்பட்டுட்டேன். இதைச் சரிபண்ண முக்கால் வருஷத்துக்கு மேல ஆகும். காசு வேண்டாம்" என்றேன். பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "சீவாளி சரியில்லேன்னா வேற சீவாளி மாத்திக்குவோம் டாக்டர். வாயை மாத்திக்க முடியாதே." திட்டியிருந்தால்கூட இவ்வளவு உறைத்திருக்காது.

அந்தத் தையில் பையன் ஒத்துக்கொண்ட கச்சேரிகளில் பாதியை அவன் அப்பாவே வாசித்தார். வயது அறுபதுக்கு மேல்.

செயினைக் கழற்றிவிட்டு, 0.016க்கு 0.022 செவ்வகக் கம்பிக்குப் படிப்படியாகப் போய், வேர்கள் உள்ளே வரும்படி டார்க் கொடுத்தேன். மூடின இடைவெளி கொஞ்சம் திரும்பத் திறந்தது. பையன் அதைப் பார்த்து முகம் சுளித்தான், ஆனால் ஒரு வருகையைக்கூடத் தவறவிடவில்லை. இரட்டைக் கட்டு. எதிர்வளைவு. ஆறு பற்களையும் ஒரே கூட்டமாக இழுத்தேன். பக்கத்துக்கு 150 கிராமுக்கு மேல் போகாமல், ஒவ்வொரு தடவையும் அளந்து. காளான் மடிப்பை கோரைப்பல்லை ஒட்டியே வைத்தேன். இல்லாவிட்டால் கம்பி பின்னால் சறுக்கும்போது மடிப்பு அடுத்த பிராக்கெட்டில் போய் இடித்து, இடைவெளி மூடாமல் நின்றுவிடும். ஒன்றேகால் வருஷம் என்று சொன்ன சிகிச்சை முடிய இரண்டரை வருஷம் ஆனது.

கடைசி நாள் அவன் வாசித்துக் காட்டவில்லை. சினிமாவாக இருந்தால் வாசித்திருப்பான். சீவாளியை வாயில் வைத்து இரண்டு தடவை ஊதிப் பார்த்துவிட்டு, "நிக்குது டாக்டர்" என்றான். அவ்வளவுதான். எனக்கு அது போதும்.

இப்போது மாணவர்கள் மனசில் ஒரு கேள்வி ஓடும், எனக்குத் தெரியும். "சார், இது உங்க காலத்துக் கதை. இப்ப எல்லாம் கம்ப்யூட்டர்தானே?" உண்மைதான். ஜெர்மனியில் டிர்க் வீக்மன் 2000களின் தொடக்கத்தில் ஒவ்வொரு பல்லுக்கும் தனித்தனியாக வார்த்த பிராக்கெட்டும், இயந்திரம் வளைத்த கம்பியும் கொண்டுவந்தார். கம்பி நாடா போல உயரவாக்கில் நிற்கிறது. நாங்கள் கண்ணாடியைப் பார்த்து வளைத்ததைவிட அது ஆயிரம் மடங்கு துல்லியம். இது தேவையும்கூட. ஏனென்றால் உட்பக்கத்தில் பள்ளத்துக்கும் பல் நுனிக்கும் நடுவே தூரம் இருப்பதால், டார்க்கில் வரும் பிழை உயரத்திலும் தெரியும். பல் நுனி பள்ளத்திலிருந்து 3 மில்லிமீட்டர் முன்னால் இருந்தால், 10 டிகிரி பிழை அரை மில்லிமீட்டர் உயர வித்தியாசமாக வந்து நிற்கும். சிரிக்கும்போது அது தெரியும்.

ஆனால் இயந்திரம் நீங்கள் சொன்ன இடத்துக்குத்தான் கம்பியை வளைக்கும். திரையில் பல் போய்ச் சேர வேண்டிய இடம் அழகாகத் தெரியும். போகிற வழியில் விசையின் கோடு எங்கே போகிறது என்று அது காட்டாது. கம்பியே இல்லாத தெளிவான அலைனரிலும் இதே கதைதான். பல் எடுத்த கேஸில் முன்பற்கள் உள்ளே சாய்வதும், இடைவெளிக்கு இரண்டு பக்கத்துப் பற்கள் அதை நோக்கிக் கவிழ்வதும் அங்கேயும் நடக்கிறது. கருவி மாறுகிறது, பீரோ மாறவில்லை.

ஆகவே மாணவர்களுக்கு மூன்றே வேண்டுகோள். பிளையரை எடுக்கும் முன் பென்சிலை எடுங்கள். விசையின் கோட்டைப் போடுங்கள், இரண்டு மாதம் கழித்து மறுபடியும் போடுங்கள். விசையை அளந்து போடுங்கள். இழுப்பறையில் தூங்கும் கேஜ் யாருக்கும் உதவாது. மூன்றாவது, நோயாளியின் முகூர்த்தத்துக்காக எலும்பின் வேகத்தை மாற்ற முடியாது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, பழைய மாணவர்களான நமக்கு ஒன்று. இது மாதிரி மேடைகளில் நாம் எப்போதும் நன்றாக முடிந்த கேஸ்களின் ஸ்லைடுதான் காட்டுகிறோம். முன், பின் என்று இரண்டு படம். நடுவில் நடந்தது யாருக்கும் தெரியாது. இந்தப் பையனின் மாடல்கள் மூன்று ஜோடி என்னிடம் இருக்கின்றன. ஆரம்பம், முடிவு, நடுவில் அந்த மார்கழி. நடு ஜோடியை யார் கண்ணிலும் படாமல் பீரோவின் அடித்தட்டில் கால் நூற்றாண்டுக்கும் மேலாக வைத்திருந்தேன்.

போன வாரம் அவருக்குப் போன் செய்தேன். அவர் என்றுதான் சொல்ல வேண்டும், இப்போது அவர் பத்துப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். பேர் இல்லாமல் கல்லூரியில் வைக்கலாமா என்று கேட்டேன். "தாராளமாக் கொடுங்க டாக்டர். என் பசங்க அபஸ்வரம் வாசிச்சா நானும் அதைத்தான் திரும்ப வாசிக்கச் சொல்றேன்" என்றார்.

மூன்று ஜோடியையும் இன்று நம் துறைக்குக் கொடுத்துவிட்டுப் போகிறேன். அதோ, மேஜை மேல் இருக்கிற அட்டைப்பெட்டிதான். உங்கள் வீட்டு பீரோவிலும் இப்படி ஒரு ஜோடி இருக்கும். அடுத்த சந்திப்புக்கு வரும்போது கொண்டுவாருங்கள்.

சாம்பார் ஆறிவிடும்.